ஆறு அங்குலக் கண்ணாடியோடு மூன்றரை வருடம்

2022 ஜூலையில் இந்தத் தொலைநோக்கியை வாங்கினேன். ஒளியைச் சேர்க்கும் 150 மில்லிமீட்டர் கண்ணாடி, 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம் (கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்), கையால் தள்ளி நகர்த்தும் டாப்சோனியன் வகை. அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் இருப்பது இந்த ஒரு தொலைநோக்கிதான். பெட்டியைப் பிரித்த வாரத்தில் இதை எழுதியிருந்தால் சனியையும் நிலாவையும் பற்றிய பரவசம் மட்டும்தான் இருந்திருக்கும். இப்போது எழுதும்போது அதன் குணமும் குறையும் இரண்டுமே கைக்குப் பழகிவிட்டன.

வாங்குவதற்கு முன் உறவினர் வீட்டில் ஒரு சின்னத் தொலைநோக்கியில் பார்த்திருந்தேன். பெட்டியின் மேல் 500 மடங்குக்கு மேல் பெரிதாகக் காட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கால்கள் அலுமினியக் குச்சிகள். ஃபோகஸ் திருகைத் தொட்டாலே நிலா துள்ளும். ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தால் அதற்குள் வட்டத்தைவிட்டு நழுவிப்போயிருக்கும். அந்த வீட்டுப் பையன் நான்கு நாள் பார்த்துவிட்டு மூலையில் வைத்துவிட்டான். அவன்மேல் தப்பே இல்லை. அந்தக் கால்களை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் பார்க்க முடியாது.

அதற்குப் பிறகுதான் கணக்கைப் புரிந்துகொண்டேன். உருப்பெருக்கம் வெறும் வகுத்தல்தான்: தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸின், குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். என்னுடையதில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. ஐபீஸை மாற்றி எந்தத் தொலைநோக்கியிலும் எவ்வளவு பெரிய எண்ணையும் கொண்டுவந்துவிடலாம். ஆனால் வெளிச்சத்தைக் கொண்டுவருவது கண்ணாடியின் அகலம் மட்டும்தான். இருட்டில் நன்றாக விரிந்த கண்மணி சுமார் 7 மி.மீ. இருக்கும். 150 மி.மீ. கண்ணாடி அதைப்போல 450 மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கிறது. கண்ணாடியின் மில்லிமீட்டரை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உருப்படியான உருப்பெருக்கத்தின் எல்லை என்பார்கள். அதன்படி எனக்கு 300. காற்று அசையாமல் அதற்கு இடம் கொடுத்த ராத்திரிகள் மிகக் குறைவு. பெரும்பாலும் 48க்கும் 120க்கும் நடுவில்தான் என் பொழுது போகிறது.

டாப்சோனியன் என்ற பெயர் ஜான் டாப்சனிடமிருந்து வந்தது. 1960களில் சான் பிரான்சிஸ்கோவில் கையில் கிடைத்த மரப்பலகை, அட்டைக்குழாய் இவற்றை வைத்துத் தொலைநோக்கி கட்டி, நடைபாதையில் நிறுத்தி, போவோர் வருவோருக்கெல்லாம் நிலாவைக் காட்டியவர். அவர் செய்த பெரிய காரியம், விலை கூடிய தாங்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மரப்பெட்டியை வைத்ததுதான். மோட்டார் கிடையாது, எடை சமன்செய்யும் திருகு கிடையாது. குழாயைக் கையால் தள்ளினால் நகரும், விட்டால் அங்கேயே நிற்கும். 120 மடங்கில் ஒரு கோள் ஒன்றரை நிமிடத்தில் வட்டத்தைக் கடந்துவிடும் என்பதால் அடிக்கடி மெல்லத் தட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் மாதம் தொந்தரவாக இருந்தது. இப்போது கை தன்பாட்டுக்குச் செய்கிறது.

முதல் ராத்திரி நிலாவைத் தவிர எதுவுமே சிக்கவில்லை. குழாயின் மேல் குறிபார்க்க இருக்கும் ஃபைண்டர் ஒரு பக்கம் பார்த்தது, குழாய் ஒரு பக்கம் பார்த்தது. அதைப் பகலிலேயே சரிசெய்திருக்க வேண்டும். தூரத்தில் தெரியும் ஒரு கோபுர உச்சியை ஐபீஸின் நடுவில் கொண்டுவந்து, அதே உச்சி ஃபைண்டரின் நடுவிலும் வரும்வரை திருகுகளைத் திருப்பினால் முடிந்தது. இதைச் செய்யும்போது சூரியன் இருக்கும் திசைப் பக்கமே போகக்கூடாது. தொலைநோக்கியிலோ ஃபைண்டரிலோ சூரியன் ஒரு கணம் பட்டால் போதும், போன பார்வை திரும்பாது. ஐபீஸில் மாட்டும் சூரிய ஃபில்டர் உங்கள் பெட்டியில் இருந்தால் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது விரிசல்விடும். சூரியனைப் பார்க்க வேண்டுமென்றால் குழாயின் வாயை முழுதாக மூடும், அதற்கென்றே செய்த ஃபில்டர் மட்டும்தான்.

இனி, புதிதாகத் தொடங்கும் எல்லோரையும் தடுக்கும் ஏமாற்றத்துக்கு வருகிறேன். ஆந்த்ரோமேடா. 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அண்டம். படங்களில் நீலமும் ஊதாவுமாகச் சுழலும். ஐபீஸில் நான் முதலில் கண்டது கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோல ஒரு சாம்பல் கறை. லென்ஸில் அழுக்கு என்று நினைத்துத் துடைக்கவும் செய்தேன். மங்கிய ஒளியில் வேலை செய்யும் நம் கண்ணின் செல்களுக்கு நிறம் தெரியாது. கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேமிக்கிறது, கண்ணால் அது முடியாது. ஆனால் கண்ணைப் பழக்க முடியும். இருட்டில் 20, 30 நிமிடம் உட்கார்ந்திருந்தால் தெரியாதது தெரியத் தொடங்கும். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் சின்ன டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னொன்று, மங்கலான பொருளை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்ப்பது. நேர்ப்பார்வை படும் இடத்தில் இருட்டுக்கான செல்கள் இல்லை, அதைச் சுற்றித்தான் நிறைய இருக்கின்றன. அந்தக் கறைக்குப் பக்கத்தில் பார்வையை வைத்தேன். கறை விரிந்தது. நடுவில் ஒரு பிரகாசமும், இரண்டு பக்கமும் வட்டத்தின் விளிம்புவரை நீளும் மெல்லிய ஒளியும் தெரிந்தன. தொலைநோக்கி அதேதான், ராத்திரியும் அதேதான். நான் பார்க்கும் விதம்தான் மாறியிருந்தது.

கார்த்திகையை 48 மடங்கில் பார்க்கும்போது வெறுங்கண்ணுக்கு ஆறேழாகத் தெரிவது வட்டம் கொள்ளாத வைரப்பொடியாகிவிடும். திருவாதிரைக்குக் கீழே ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம். அதன் நடுவில் நெருக்கியடித்து நிற்கும் நான்கு நட்சத்திரங்களைப் பிரித்துப் பார்த்தது எனக்கு மறக்காத ராத்திரி.

நிலாவை முழுநிலவன்று பார்க்காதீர்கள். நிழலே இல்லாமல் தட்டையாக, கண் கூசும்படி இருக்கும். வளர்பிறையில் பாதி நிலா தெரியும் நாளை ஒட்டி, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டோரம்தான் எல்லாக் காட்சியும். 230 கி.மீ. அகலமுள்ள கிளேவியஸ் பள்ளத்துக்குள் சிறு பள்ளங்கள் வளைவாக, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைகட்டி நிற்கும். ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டே இருந்தால், இருட்டுக்குள் தனியாக ஒரு புள்ளி பற்றிக்கொள்வது தெரியும். சூரிய ஒளி தொட்ட மலையுச்சி அது.

வியாழனைச் சுற்றி நான்கு நிலவுகள் எந்த ராத்திரியும் ஏமாற்றியதில்லை. 1610 ஜனவரியில் கலிலியோ 20 மடங்கு பெரிதாக்கும் கருவியில் பார்த்தவை அவை. ஒருமுறை கோளின் முகத்தில் பேனாமுனையால் குத்தியதுபோல ஒரு கறுப்புப் புள்ளி ஊர்ந்தது. ஒரு நிலவின் நிழல்.

குறைகள் இல்லாமல் இல்லை. எடை ஏறத்தாழ 16 கிலோ. குழாயையும் பெட்டியையும் தனித்தனியாகத் தூக்குகிறேன். மாடிப்படி ஏற வேண்டியவர்கள் வாங்கும்முன் இதை யோசிக்க வேண்டும். தூக்கச் சலிக்கும் தொலைநோக்கி மூலைக்குத்தான் போகும். கூட வந்த 10 மி.மீ. ஐபீஸ் சுமார்தான். ஓராண்டு கழித்து நல்லதாக ஒரு 6 மி.மீ. வாங்கினேன், 200 மடங்கு. கோள்களுக்கு அதுவே போதும், வேறு துணைப்பொருள் எதையும் நான் வாங்கவில்லை. ஃபைண்டரில் தலைக்கு மேலே உள்ளதைப் பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டியிருக்கிறது. போனை ஐபீஸில் வைத்து நிலாவைப் படம் எடுக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வெளியே வைத்ததும் பார்க்கத் தொடங்காமல் அரைமணி நேரம் கண்ணாடி ஆற விட வேண்டும். வீட்டுச் சூடு உள்ளே இருந்தால் கோள்கள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளியும். கொலிமேஷன், அதாவது இரண்டு கண்ணாடிகளையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவது, படிக்கும்போது பயமுறுத்தியது. செய்து பழகியபின் ஐந்து நிமிட வேலை. பெரிய கண்ணாடியில் தூசி படிவதைப் பார்த்துத் துணியை எடுத்துவிடாதீர்கள், கீறல்தான் மிஞ்சும். மூன்றரை வருடத்தில் ஒரே ஒருமுறை காய்ச்சிவடித்த நீர் ஊற்றிக் கழுவினேன். ஈரம் காயாமல் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

சனியைக் கடைசிக்கு வைத்தேன். வாங்கிய மாதத்திலிருந்தே ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து வருகிறேன். 2022 ஆகஸ்ட் படத்தில் வளையம் நன்றாகத் திறந்திருக்கிறது. இரு ஓரங்களிலும் காசினி இடைவெளியை, அதாவது வளையத்தைப் பிரிக்கும் கறுப்பு இடைவெளியை, முடிபோல ஒரு கோடாகப் போட்டிருக்கிறேன். 2023இல் வளையம் ஒடுங்கியது. 2024 செப்டம்பரில் கோளின் இரு பக்கமும் இரண்டு ஊசிகள். 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நேராக நம்மைப் பார்த்தது. அப்போது சனி சூரியனுக்குப் பக்கத்தில் இருந்ததால் பார்க்க முடியவில்லை. நவம்பரில் மறுபடி கிட்டத்தட்ட அதே நிலை. அன்று காற்று அசையவே இல்லை. 200 மடங்கில் ஒரு மஞ்சள் உருண்டை, அதைக் குத்தி நின்ற ஒரு நூல், சற்றுத் தள்ளி அதன் நிலவு டைட்டன். சனி சூரியனைச் சுற்றிவர 29 ஆண்டுக்கு மேல் ஆகும், அதில் இரண்டு தடவைதான் இந்தக் கோலம். இப்போது வளையம் மறுபக்கமாகத் திறந்து வருகிறது, 2032 வாக்கில் முழுதாக விரிந்துவிடும். நோட்டில் அதுவரை வரையப் பக்கம் இருக்கிறது.