தபால்வழி ஒயின் டிப்ளமோ: பணம் கட்டும் முன் கிட்டைத் திறந்து பாருங்கள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் ஆட்டோ முதுகில் போஸ்டர் பார்த்திருப்பீர்கள். "வீட்டிலிருந்தே திராட்சை சாகுபடி, ஒயின் தயாரிப்பு டிப்ளமோ. ஆறே மாதம். தமிழ் வழி. நாசிக்கில் வேலை உறுதி." கட்டணம் 38,500 ரூபாய். கிட்டுக்குத் தனியாக 6,500. கட்டியவர்களுக்கு வந்தது ஒரு ஸ்பைரல் புத்தகம், ஒரு அட்டைப்பெட்டி, வாட்ஸாப் குரூப்பில் ஒரு இடம். சந்தேகம் கேட்க ஆரம்பித்த இரண்டாவது வாரமே குரூப்பை 'அட்மின் மட்டும்' ஆக்கிவிட்டார்கள்.

அந்தப் புத்தகத்தையும் பெட்டியையும் முழுதாகப் பார்த்துவிட்டு எழுதும் பதிவு இது. நிறுவனத்தின் பெயர் இதில் இல்லை. பெயர்ப்பலகை மாற்ற ஒரு நாள் போதும். சரக்கை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

முதலில் புத்தகம். வெளிநாட்டுப் பாடம் ஒன்றை மெஷினில் போட்டு மொழிபெயர்த்து, யாரும் ஒருமுறைகூடப் படிக்காமல் அச்சடித்திருக்கிறார்கள். "நொதிக்கும் கட்டாயத்தை ஒரு நாளைக்கு இரண்டு முறை கிளறவும்" என்று ஒரு வரி. என்ன கட்டாயம்? நசுக்கிய திராட்சைச் சாறும் தோலும் சேர்ந்த கலவைக்கு ஆங்கிலத்தில் 'மஸ்ட்' என்று பெயர். மெஷினுக்கு அது தெரியவில்லை. கொடியைக் கத்தரிக்கும் கவாத்துப் பாடத்தில் "ஒரு கொடிக்கு நான்கு கரும்புகளை விட்டு மற்றதை வெட்டவும்" என்று இருக்கிறது. முற்றிய கொடிக்குச்சிக்கு அங்கே சொல்லும் 'கேன்' இங்கே கரும்பாகிவிட்டது.

இதுவரை சிரிப்போடு போகலாம். அடுத்தது சிரிக்கும் விஷயமில்லை. இலையின் அடியில் பூஞ்சை படரும் அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவை: "100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ எலுமிச்சை." அங்கே 'லைம்' என்றது சுண்ணாம்பை. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட், அதன் அமிலத்தன்மையைச் சுண்ணாம்புதான் அடக்கும். எலுமிச்சை புளிப்பு, அதைப் போட்டால் செம்பு அப்படியே கரைந்த நிலையில் நின்று, தெளித்த இலை முழுக்கக் கருகும். சரியான முறை இது: ஒரு பிளாஸ்டிக் பேரலில் 50 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ மயில்துத்தம், இன்னொன்றில் 50 லிட்டரில் 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை நீற்றி வடிகட்டியது. சுண்ணாம்பு நீரைக் கலக்கிக்கொண்டே மயில்துத்தக் கரைசலை அதில் ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்த பிறகு பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் அமிழ்த்தி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குக் கலந்ததை அன்றே அடித்துவிட வேண்டும்.

கவாத்துக் காலமும் தப்பு. "இலை முழுதும் உதிர்ந்து, உறைபனியில் கொடி உறங்கும்போது" வெட்டச் சொல்கிறது புத்தகம். கம்பம் பள்ளத்தாக்கில் கொடி உறங்குவதே கிடையாது. அங்கே பன்னீர் திராட்சைக்குக் கோடை போகத்துக்கு டிசம்பர், ஜனவரியில் கவாத்து, ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. மழைக்கால போகத்துக்கு மே, ஜூனில் கவாத்து, ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து, ஆனால் மகசூல் ஒன்றுதான். ஒயின் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. அதனால் "ஜூலையில் நாசிக் ஒயினரியில் அறுவடைப் பயிற்சி" என்று கூடுதல் பணம் கேட்டால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். அந்த மாதம் அங்கே நசுக்கப் பழம் இருக்காது.

மொட்டு ஒன்றுபோல வெடிக்கக் கொடிக்குத் தடவும் ஹைட்ரஜன் சயனமைடைப் பற்றி இரண்டு வரி எழுதியவர்கள், முக்கியமான எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். அந்த மருந்து உடம்பில் பட்டவர் அன்றைக்கோ அடுத்த சில நாட்களிலோ மது தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கும். ஒயின் ருசி பார்ப்பதையும் சொல்லித்தரும் படிப்பில் இதைச் சொல்லாமல் விடுவது கவனக்குறைவு என்ற கணக்கில் வராது.

இப்போது பெட்டி. அதிலிருக்கும் 'ஒயின் ஹைட்ரோமீட்டரை' (சாற்றில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி) எடுத்து உள்ளே சுருட்டியிருக்கும் காகிதத்தைப் பாருங்கள். 0 முதல் 40 வரை கோடு. ஒரு பக்கம் 'டபிள்யூ', இன்னொரு பக்கம் 'எம்'. டபிள்யூ தண்ணீர், எம் பால். ஆம், பால்காரர் பாலில் தண்ணீர் பார்க்கும் லாக்டோமீட்டர்! அதில் 40 என்றால் அடர்த்தி 1.040 (தண்ணீர் 1.000). 16 பிரிக்ஸ் (எடையில் நூற்றுக்கு 16 பங்கு சர்க்கரை) திராட்சைச் சாற்றின் அடர்த்தியே 1.065 சுமார். அந்தச் சாற்றில் விட்டால் கோடு மொத்தமும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். நொதித்து முடிந்தபின் அடர்த்தி 1.000க்கும் கீழே போகும். அப்போது 0 கோடும் முழுகிவிடும். ஆக, தொடக்கத்திலும் படிக்க முடியாது, முடிவிலும் படிக்க முடியாது. நிஜமான ஒயின் ஹைட்ரோமீட்டரில் 0.990 முதல் 1.100க்கு மேல் வரை இருக்கும். அது 20 டிகிரிக்கு அளவிட்டது என்றால், நம் ஊர் 32 டிகிரியில் சுமார் 0.003 குறைத்துக் காட்டும். அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஈஸ்ட் என்று வந்தது பெயர், லாட் எண், காலாவதித் தேதி எதுவும் இல்லாத ஜிப் கவர். முகர்ந்தால் பேக்கரி வாசனை. பன் ஈஸ்டும் நொதிக்கும்தான், ஆனால் ஆல்கஹால் ஏற ஏறத் தளர்ந்து பாதியில் நின்றுவிடும். ஒயின் ஈஸ்ட் 5 கிராம் பாக்கெட்டில், ரகத்தின் பெயர் அச்சிட்டு வரும். ஒரு பாக்கெட் 20 லிட்டருக்கு மேல் தாங்கும்.

சர்க்கரைக் கணக்கு அதைவிட மோசம். 10 லிட்டர் சாற்றுக்கு 3 கிலோ சர்க்கரை போடச் சொல்கிறார்கள். 16 பிரிக்ஸ் சாற்றை 22க்கு ஏற்ற 820 கிராம் போதும். 3 கிலோ போட்டால் 34ஐத் தொடும். அந்தப் பாகில் ஈஸ்ட் திணறி நின்றுவிடும். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீத ஆல்கஹால் என்ற அடிப்படைக் கணக்கே 'நிபுணருக்கு'த் தெரியவில்லை.

லேபிள் இல்லாத வெள்ளைப் பொடியை "5 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன்" என்கிறார்கள். அது ஒயின் கெடாமல் இருக்கப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்றே வைத்துக்கொள்வோம். அதன் எடையில் சுமார் 57 சதவீதம் கந்தக டைஆக்சைடாக மாறும். ஒரு டீஸ்பூன் 5 கிராம் என்றாலே 570 பிபிஎம் (லிட்டருக்கு 570 மில்லிகிராம்) வந்துவிடும். நசுக்கும்போது வழக்கமாகப் போடுவது 50 பிபிஎம். 10 லிட்டருக்கு 0.9 கிராம். டீஸ்பூனில் அளக்கிற சமாசாரம் இல்லை, சிறிய டிஜிட்டல் தராசு வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சல்பைட் மூச்சுத்திணறலைக் கிளப்பும்.

"18 டிகிரி நிலவறையில் வைக்கவும்" என்று வேறு. புளியந்தோப்பில் ஷீட் போட்ட மாடி வீட்டில் நிலவறைக்கு எங்கே போவது? மே மாதம் அறையே 36 இருக்கும், நொதிப்பு அதற்கு மேல் சூடேற்றும். 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும், பிறகு வினிகர்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம்: வீட்டில் நொதிக்க வைத்து, பாட்டில் 400 ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் விற்கலாம் என்று புத்தகமே எழுதியிருக்கிறது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். கிறிஸ்துமஸ் ஒயின் பழக்கம் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் உண்டு என்பதைக் காட்டிச் சமாளிக்கிறார்கள். போலீஸ் வந்தால் மாட்டுவது ஜாடி வைத்திருப்பவர்தான், டிப்ளமோ விற்றவர் இல்லை.

சான்றிதழில் ஐஎஸ்ஓ முத்திரையும் உத்யம் பதிவு எண்ணும் இருக்கின்றன. ஐஎஸ்ஓ 9001 அலுவலக நடைமுறைக்கான சான்று, பாடத்துக்கு இல்லை. உத்யம் சிறுதொழில் பதிவு, கல்வி அங்கீகாரம் ஆகாது. பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றச் சட்டம் அதிகாரம் தந்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு என்கிறது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டம் 1956, பிரிவு 22. வேளாண்மை, தோட்டக்கலைப் பட்டங்களைத் தொலைநிலையில் நடத்தவே யுஜிசி அனுமதிப்பதில்லை. யாராவது "பி.எஸ்சி. திராட்சை, தபால் வழி" என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

உண்மையான இடங்கள் இல்லாமல் இல்லை. புனே அருகே மாஞ்சரியில் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம், தேனி மாவட்டம் ஆனைமலையான்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம். அங்கே என்ன பயிற்சி எப்போது என்று நேரடியாகக் கேளுங்கள். வெளிநாட்டில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் ஆன்லைனில் ஒயின் தயாரிப்புச் சான்றிதழ் நடத்துகிறது. ஆஸ்திரேலியாவின் சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகம் தொலைநிலையில் படிப்பவர்களையும் வளாகத்துக்கு வரவழைத்துச் செய்முறை வைத்த நிறுவனம். லண்டனில் 1969இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. (ஒயின், மதுபானக் கல்வி அறக்கட்டளை) நடத்தும் படிப்பு ருசி, வகை, விற்பனை பற்றியது. அதைப் படித்து ஒயின் செய்ய வராது. நம் போஸ்டர்காரர்கள் நடத்திய 'களப்பயிற்சி' கோயம்பேடு பழக்கடைகளில் இரண்டு மணி நேரம்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு: ரசீதில் "பணம் திரும்பத் தரப்படாது" என்று அச்சிட்டிருந்தாலே கதை முடிந்துவிடாது. போஸ்டரின் போட்டோ, யுபிஐ ரசீது (பணம் தனிநபர் கணக்குக்குப் போயிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்), குரூப் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. லாக்டோமீட்டரை காகிதக் கோடு தெரியும்படி படம் எடுங்கள். புத்தகம் சொன்னபடி கண்ணாடி ஜாடியில் மூடியை இறுக்கி யாராவது நொதிக்க வைத்திருந்தால், அதை ஆட்டாதீர்கள். உள்ளே வாயு அழுத்தத்தில் ஜாடி வெடிக்கும். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஜாடி மேல் தடிமனான ஈரத்துண்டைப் போர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தி, சீறல் முழுதும் அடங்கிய பிறகு சாக்கடையில் கொட்டிவிடுங்கள்.