பிட்டோனியாவா, ஜீப்ரினாவா, டர்டில் வைனா?

உயரமாகப் போகாமல் தொட்டி விளிம்பைத் தாண்டி வழிகிற மாதிரி ஒரு இலைச்செடி வேண்டும் என்று தேடினால் அடிக்கடி கண்ணில் படுவது இந்த மூன்றும்தான். மூன்றுமே அழகு, அதனால் இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஜன்னலில் எவ்வளவு வெளிச்சம் வருகிறது, தண்ணீர் ஊற்ற மறக்கும் ஆளா, அளவுக்கு மீறி ஊற்றும் ஆளா என்று பார்த்து முடிவெடுங்கள்.

பிட்டோனியா தென் அமெரிக்க மழைக்காடுகளில் மரநிழலில் தரையோடு படர்கிற செடி. 15 செ.மீ. உயரத்தைத் தாண்டுவதே அரிது. நேர் வெயில் பட்டால் இலை கருகிவிடும், சுமாரான வெளிச்சமே போதும். ஆனால் தண்ணீரில் விட்டுக்கொடுக்காது. மண் காய்ந்தால் உயிரே போனது போல மொத்தமாகச் சரிந்து படுத்துவிடும், ஊற்றிய சில மணி நேரத்தில் தண்டு நிமிர்ந்து இலை விரியும். இதைப் பார்த்துப் பழகியவர்கள் எப்போது துவண்டாலும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள், அங்கேதான் செடி போகிறது. ஏனென்றால் வேர் அழுகினாலும் இதே மாதிரிதான் துவளும். முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் துவண்டிருந்தால் செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள், பழுப்பாகக் குழைந்திருந்தால் நல்ல தண்டுகளை மட்டும் வெட்டிப் புது மண்ணில் நட வேண்டியதுதான். ஏசி அறையின் வறண்ட காற்றில் இலை ஓரம் காயும், கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் அவ்வளவு செழிப்பாக வரும்.

ஜீப்ரினா இதற்கு நேர் எதிர். ஓரிரு முறை தண்ணீர் தவறினாலும் தாங்கும், வெளிச்சம் குறைந்தால்தான் கோபம். வெள்ளிக் கோடுகள் மங்கி, கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு நூலாக இழுத்துக்கொண்டு போகும். நல்ல வெளிச்சம் கொடுத்தாலும் நாளாக நாளாக அடிப்பக்கம் மொட்டையாகும், அது அதன் இயல்பு. நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். கிள்ளியதைத் தண்ணீரில் போட்டால் கணுவில் சீக்கிரமே வேர் விட்டுவிடும், அதை அதே தொட்டியின் மொட்டை இடத்தில் செருகுங்கள், அப்புறம் பாருங்கள் அடர்த்தியை. ஒன்று மட்டும் கவனம்: இதன் சாறு சிலருக்குத் தோலில் அரிக்கும், செடியைக் கடிக்கிற நாய், பூனைக்கும் ஒத்துக்கொள்ளாது. அவை இருக்கிற வீட்டுக்கு பிட்டோனியாதான் சரி.

டர்டில் வைன் ஜீப்ரினாவின் குடும்பம்தான். சின்னச் சின்ன இலை, கொஞ்சம் சதைப்பற்று, அதனால் தண்ணீர் மறப்பவர்களுக்கு மூன்றில் இதைத்தான் சொல்வேன். அடர்ந்து பாய் மாதிரி மூடிக்கொள்வதால் மேலே ஊற்றும் தண்ணீர் இலைகளுக்கிடையே தங்கி நடுப்பகுதி அழுகும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் கொஞ்ச நேரம் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள், பிறகு வடியவிட்டு எடுத்துவிடுங்கள். வெளிச்சம் மேலிருந்தும் விழ வேண்டும். கூரையை ஒட்டித் தொங்கவிட்டால் ஓரம் மட்டும் நீண்டு நடுவில் வழுக்கை விழும்.

மூன்றும் பிடித்துப்போய் ஒரே தொட்டியில் நடலாமா என்றால், ஜீப்ரினாவும் டர்டில் வைனும் ஒத்துப்போகும். பிட்டோனியாவுக்குத் தனித் தொட்டி கொடுங்கள், அது கேட்கிற ஈரத்தில் டர்டில் வைன் அழுகிவிடும்.