மோதலில் யார் மேல் தப்பு? எஃப்1 டிவி ஆன்போர்டு கேமராக்கள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

ஃபார்முலா 1 பந்தயத்தில் இரண்டு கார்கள் மோதினால், ஓட்டுநர்கள் ஹாமில்டன் பக்கமா, வெர்ஸ்டாப்பன் பக்கமா என்று சண்டை போடுகிறவர்களில் பலர் பார்த்திருப்பது, ஒளிபரப்பில் நாலைந்து முறை திருப்பித் திருப்பிப் போட்ட ஒரே ஒரு காட்சியைத்தான். தடத்தின் ஓரத்தில் வெகு தூரத்தில் நிற்கும் அந்தக் கேமராவின் நீள லென்ஸ், முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளியைச் சுருக்கிவிடும். அரைக் கார் நீளம் பின்னால் வருகிறவர் பக்கத்திலேயே ஒட்டி வருவதுபோலத் தெரிவார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்வது வீண்.

2018இல் தொடங்கிய, ஃபார்முலா 1இன் சந்தா ஒளிபரப்புச் சேவையான எஃப்1 டிவியின் பெரிய பலம், ஒவ்வொரு காரின் ஆன்போர்டு கேமராவையும், அதாவது காரிலேயே பொருத்திய கேமராவையும், தனி ஓடையாக (ஸ்ட்ரீம்) தருவது. அந்த ஓட்டுநரின் ரேடியோ பேச்சும் கூடவே வரும். பந்தயம் முடிந்த பிறகும் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். மோதலை அலச ரசிகர் கையில் இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காசு கொடுத்தால், அதே பழைய சண்டையை இன்னும் தெளிவான படத்தில் போடுவீர்கள், அவ்வளவுதான்.

2021 சில்வர்ஸ்டோன் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று, காப்ஸ் வளைவு. ஹாமில்டனின் முன் இடது சக்கரம் வெர்ஸ்டாப்பனின் பின் வலது சக்கரத்தில் பட்டது. பந்தய நடுவர்களான ஸ்டீவர்டுகள் ஹாமில்டன் மீதே பெரும்பங்கு தவறு என்று சொல்லி 10 வினாடி தண்டனை கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன காரணம், உட்புறம் இடம் இருந்தும் அவர் கார் ஏபெக்ஸை (வளைவின் உள் விளிம்பை ஒட்டிய புள்ளி) தொடும் கோட்டில் போகவில்லை என்பது. இது சரியா என்று உங்கள் கண்ணாலேயே பார்க்க வழி இருக்கிறது. ஹாமில்டனின் ஆன்போர்டில் முதல் சுற்றின் காப்ஸை ஓட்டிப் பாருங்கள். பிறகு அதே ஓடையில் 50ஆம் சுற்றுக்குப் போங்கள். அதே வளைவில், அதே உட்புறத்தில் அவர் லெக்லெர்க்கை முந்துகிறார். வளைவின் உள் விளிம்பிலிருந்து வலது முன் சக்கரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் இரண்டிலும் ஒப்பிடுங்கள். 50ஆம் சுற்றில் அவர் விளிம்பை ஒட்டிப் போகிறார், முதல் சுற்றில் நடுவே கணிசமான தார்ச்சாலை காலியாகக் கிடக்கிறது. இந்த ஒரு ஒப்பீட்டுக்காகவே சந்தா கட்டலாம் என்பேன்.

எப்படிப் பார்ப்பது? முதலில் இரண்டு ஓட்டுநர்களின் ஓடைகளையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு ஓடையும் சில வினாடிகள் முன்பின் ஓடும், முதன்மை ஒளிபரப்போடும் ஒத்துப்போகாது. முதல் சுற்று மோதல் என்றால் தொடக்க விளக்குகள் அணையும் கணத்தில் இரண்டையும் நிறுத்திச் சரிசெய்யுங்கள். நடுப் பந்தயம் என்றால் சக்கரங்கள் உரசும் ‘டக்’ சத்தம் இரண்டு ஓடையிலும் கேட்கும், அதைப் பிடியுங்கள். கணினியில் மல்டிவியூவர் என்ற இலவசச் செயலி இந்த வேலையைச் சுலபமாக்குகிறது. ஆனால் அதற்கும் எஃப்1 டிவி சந்தா வேண்டும்.

அடுத்தது ஏபெக்ஸில் படத்தை நிறுத்துவது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ 2025இல் வெளியிட்ட ஓட்டுநர் நெறிமுறைப்படி, உட்புறமாக முந்துகிறவரின் முன் அச்சு ஏபெக்ஸில் குறைந்தது மற்றவரின் பக்கவாட்டுக் கண்ணாடி வரைக்கும் வந்திருக்க வேண்டும். வெளிப்புறமாக முந்துகிறவருக்கு இன்னும் கடினம்: அவருடைய முன் அச்சு மற்றவரின் முன் அச்சைத் தாண்டியிருக்க வேண்டும். ஆகவே மூக்கைப் பார்க்காதீர்கள், முன் சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். ஒரு மோதலை அந்தந்த ஆண்டு நடப்பில் இருந்த விதியை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 2025 அளவுகோலால் 2016ஐ அளந்தால் கணக்கு தப்பும்.

காதையும் பயன்படுத்துங்கள். வர்ணனை இல்லாத ஆன்போர்டு ஓடையில், ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்த நொடியில் இன்ஜின் சத்தம் இறங்குவது தெளிவாகக் கேட்கும். விலகப் பார்த்தாரா இல்லையா என்பதற்கு அது நல்ல சாட்சி.

இனி, இந்தக் கருவி எங்கே ஏமாற்றும் என்று பார்ப்போம். ஆன்போர்டு லென்ஸ் அகலமானது. ஓரக் கேமரா செய்ததற்கு நேர்மாறாக, பக்கத்துக் காரைத் தள்ளி இருப்பதுபோலக் காட்டும். வேகமும் சிக்கல். மணிக்கு 300 கிலோமீட்டரில் ஒரு கார் வினாடிக்கு 83 மீட்டர் போகிறது. வினாடிக்கு 50 ஃபிரேம் ஓடினாலும் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 1.6 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஒரு ஃபிரேம் தப்பாக நிறுத்திவிட்டு ‘அச்சு முன்னால் இருந்தது’ என்று சத்தியம் செய்கிறவர்கள் ஏராளம். முன்னும் பின்னும் மூன்று ஃபிரேமையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்தக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பது இன்னும் பெரிய கேள்வி. 2021 பிரேசிலில் 48ஆம் சுற்று, நான்காம் வளைவு: வெர்ஸ்டாப்பனும் ஹாமில்டனும் தடத்தைவிட்டு வெளியே போனார்கள். அந்த நேரத்தில் வெர்ஸ்டாப்பன் காரின் முன்னோக்கிய படம் கிடைக்கவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. படம் பிறகு வெளியானதும் மெர்சிடிஸ் மறுஆய்வு கேட்டது, மனு தள்ளுபடி ஆனது. ஸ்டீவர்டுகளுக்கே கிடைக்காத கோணம் சந்தாதாரருக்கு நேரலையில் கிடைக்காது. பின்னோக்கிய படத்தை மட்டும் வைத்து ஸ்டீயரிங் எப்போது திரும்பியது என்று சொல்ல முடியாது.

டெலிமெட்ரியும் (காரிலிருந்து வரும் அளவீடுகள்) அப்படித்தான், முழுசாக நம்ப முடியாது. ஃபாஸ்ட்எஃப்1 என்ற இலவசப் பைத்தான் நூலகத்தில் வேகம், கியர், ஆக்சிலரேட்டர் அளவு கிடைக்கும். ஆனால் பிரேக் போட்டாரா இல்லையா என்று மட்டும்தான் இருக்கும், எவ்வளவு அழுத்தினார் என்பது இராது. வினாடிக்கு நாலைந்து புள்ளிகள்தான் வருவதால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கார் 15, 20 மீட்டர் ஓடியிருக்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தாரா என்று பார்க்க உதவும். யார் முன்னால் என்று பார்க்க உதவாது.

தவறையும் ஆபத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இந்த விவாதங்களின் பெரிய நோய். சில்வர்ஸ்டோனில் வெர்ஸ்டாப்பன் தடுப்பில் மோதிய அதிர்ச்சி 51ஜி (புவியீர்ப்பைப்போல 51 மடங்கு), ஆளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தண்டனை 10 வினாடிதான், ஏனென்றால் ஸ்டீவர்டுகள் செயலை எடைபோடுகிறார்கள், விளைவை அல்ல. அதே ஆண்டு மோன்சாவின் முதல் சிகேனில் (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவுகள்) வெர்ஸ்டாப்பனின் கார் ஹாமில்டனின் கார்மேல் ஏறியது. வேகம் குறைவு, ஆனால் பின் சக்கரம் தலைக்குமேல் வந்து நின்றது. 2018இல் கட்டாயமான ஹேலோ (ஓட்டுநரின் தலையைக் காக்கும் வளையம்) இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. அதற்கு வெர்ஸ்டாப்பனுக்குத் தண்டனை, அடுத்த பந்தயத்தின் தொடக்க வரிசையில் மூன்று இடம் பின்தள்ளல். ஆபத்தைப் புரிந்துகொள்ள ஹாமில்டனின் ஆன்போர்டைப் பாருங்கள். தவறைப் புரிந்துகொள்ள அதற்கு இரண்டு வினாடி முன்பு வெர்ஸ்டாப்பனின் ஆன்போர்டைப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

பழைய மோதல்களுக்காக வாங்க நினைப்பவர்கள் ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. 1989, 1990 சுசுகாவில் புரோஸ்டும் சென்னாவும், 1997 ஹெரெஸில் ஷூமாக்கரும் வில்நெவும் மோதியவை: இவற்றுக்கு இப்போதுபோல ஒவ்வொரு காருக்கும் தனி ஓடை கிடையாது, அன்று ஒளிபரப்பியதுதான் இருக்கும். ஹெரெஸ் மோதலை முதலில் சாதாரணப் பந்தய விபத்து என்றே ஸ்டீவர்டுகள் விட்டார்கள், பிறகுதான் எஃப்ஐஏ ஷூமாக்கரை அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்தே நீக்கியது. நம் நரேன் கார்த்திகேயன் 2012 செபாங்கில் வெட்டலுடன் உரசியதற்கும் அப்படித் தனி ஓடைகள் கிடையாது. வெட்டலின் பின் டயர் கிழிந்தது, நரேனுக்கு 20 வினாடி தண்டனை. சுற்றில் பின்தங்கிய கார் எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற அந்த வாதத்தை இரண்டு கார்களின் முழு ஆன்போர்டும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாமல் முடிக்க முடியாது.

எஃப்1 டிவிக்குள் இல்லாத ஒன்று ஸ்டீவர்டுகளின் தீர்ப்பு ஆவணம். எஃப்ஐஏ தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பெரும்பாலும் ஒரே பக்கம். அதை முதலில் படித்துவிட்டுப் படத்தைத் திறங்கள். சந்தா வகைகளும் விலையும் நாட்டுக்கு நாடு மாறும், சில நாடுகளில் நேரலைத் திட்டமே விற்பதில்லை. பணம் கட்டும் முன் உங்கள் நாட்டுத் திட்டத்தில் ஆன்போர்டு மறுஒளிபரப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாத திட்டம் இந்த வேலைக்கு ஆகாது.