எம்.எல்.கே.எல் செரின் 358 ஆன்டிபாடி: பினாங்கு ஆய்வகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது செல்லின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து மெம்பிரேனில் ஏற்றி ஆன்டிபாடியால் தேடும் சோதனையில், ஹீலா என்ற மனிதப் புற்றுநோய் செல்லில் கோடு விழக்கூடாது. செல்லைக் கொல்லும் எம்.எல்.கே.எல் புரதத்தில் செரின் 358 என்ற இடத்தில் பாஸ்பேட் ஏறியதைக் காட்டுவதாகச் சொல்லும் எந்த ஆன்டிபாடிக்கும் நான் வைக்கும் முதல் பரீட்சை இதுதான். ஹீலாவில் அந்தப் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியான ஆர்.ஐ.பி.கே 3 கைனேஸ் இல்லை என்றே சொல்லலாம்; அது இல்லாமல் நெக்ராப்டோசிஸ் (செல் சவ்வு கிழிந்து சாகும் ஒருவகை மரணம்) பாதையில் எம்.எல்.கே.எல் மீது பாஸ்பேட் ஏறாது. அங்கேயும் எம்.எல்.கே.எல்லின் எடையான 54 கிலோடால்டன் பக்கம் கறுப்புக் கோடு தெரிந்தால், அந்தக் குப்பி வேறு எதையோ பிடிக்கிறது.

முன்பு நாங்கள் வாங்கிய பாலிகுளோனல் (பலவகை ஆன்டிபாடிகளின் கலவை) ஒன்று இதில் தோற்றது. நெக்ராப்டோசிஸைத் தூண்டும் மருந்து கொடுத்த செல்லிலும் கோடு, கொடுக்காத செல்லிலும் கோடு. அதை நம்பி ஒரு முதுகலை மாணவி பருவம் முழுக்க உழைத்திருந்தாள். "அக்கா, நான்தான் தப்பாகச் செய்கிறேனோ?" என்று கேட்டுக் கண் கலங்கினாள். அவள் கையில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது பயன்படுத்துவது செல் சிக்னலிங் டெக்னாலஜியின் முயல் மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் கொண்டது), டி6எச்3வி. எச்.டி-29 குடல் புற்றுநோய் செல்களுக்கு டி.என்.எஃப் ஆல்பா, ஸ்மாக் மிமெடிக், இசட்-வாட் என்ற மூன்று தூண்டும் பொருள்களையும் சேர்த்துக் கொடுத்தோம். காஸ்பேஸ் நொதிகளை இசட்-வாட் அடைத்துவிடுவதால் செல், அவை நடத்தும் அமைதியான மரணமான அப்போப்டோசிஸ் பக்கம் போக முடியாமல் நெக்ராப்டோசிஸில் விழுகிறது. அந்த மாதிரியின் லேனில் (மெம்பிரேனில் அதற்குரிய பட்டையில்) கோடு அழுத்தமாக விழுந்தது. மருந்தில்லாத லேன் வெறுமையாக இருந்தது. ஆர்.ஐ.பி.கே 3-ஐத் தடுக்கும் ஜி.எஸ்.கே 872 சேர்த்ததும் கோடு மறைந்தது. மெம்பிரேனைப் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான லாம்டா பாஸ்படேஸில் ஊறவைத்த பிறகும் ஒன்றும் தெரியவில்லை. ஹீலா லேனும் சுத்தம். எனக்கு மிகவும் பிடித்தது நெக்ரோசல்ஃபோனமைடு லேன்: செல்கள் பிழைத்துக்கொண்டன, கோடு மட்டும் அப்படியே நின்றது. அந்த மருந்து பாஸ்பேட் ஏறியதற்குப் பிந்தைய கட்டத்தைத்தான் தடுக்கிறது. ஆகவே கோடு இருந்தே தீர வேண்டும். 2012-இல் எம்.எல்.கே.எல்லை ஆர்.ஐ.பி.கே 3-இன் இலக்காகக் காட்டிய ஆய்வு சொன்னதும் இதைத்தான். அதை நம் மெம்பிரேனிலேயே பார்ப்பது தனி நிறைவு.

ஆன்டிபாடியை 1:1000 நீர்த்துப் போட்டாலே போதும். மெம்பிரேனின் வெற்றிடங்களை அடைத்து பிளாக் செய்யப் பால் பவுடர் வேண்டாம், பி.எஸ்.ஏ (மாட்டு ரத்தப் புரதம்) எடுங்கள், பாலிலுள்ள கேசின் தானே பாஸ்பேட் சுமந்த புரதம், பின்னணி கறுத்துவிடும். செல்லை உடைக்கும் கரைசலில் பாஸ்படேஸ்களைத் தடுக்கும் சோடியம் ஃப்ளோரைடும் ஆர்த்தோவனடேட்டும் கட்டாயம். பினாங்கு வெக்கையில் ஐஸ் பெட்டியை விட்டுக் குழாயை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், செல்லின் சொந்தப் பாஸ்படேஸ்களே சிக்னலைத் தின்றுவிடும். பழி ஆன்டிபாடி மேல் விழும். குப்பியில் கிளிசரால் இருப்பதால் மைனஸ் 20-இல் உறையாது, சிறு குழாய்களில் பிரித்து வைக்கத் தேவையில்லை.

குறை என்றால் விலை. பல்கலைக்கழக மானியத்தில் ஒரு குப்பி வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. பாஸ்பேட் ஏறாததையும் சேர்த்துக் காட்டும் மொத்த எம்.எல்.கே.எல் ஆன்டிபாடி ஒன்றும் உடன் வேண்டும், இல்லாவிட்டால் கோட்டின் அளவை ஒப்பிட முடியாது. வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகிறது. மனித செல்லோடு வேலை செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். சுண்டெலிக்கு இது உதவாது. அங்கே அந்த இடம் செரின் 345, அதற்குத் தனி ஆன்டிபாடி. ஏஜென்ட்டிடம் ஆர்டர் கொடுக்கும்போது வேண்டியது செரின் 358-ஆ, 345-ஆ என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.