ப்ளோயர் ரெசிஸ்டர், மாட்யூல்: ஒரிஜினலா, லோக்கலா, பழசா?

கார் ஏசியின் காற்றைத் தள்ளும் ப்ளோயர் நாலாம் வேகத்தில் மட்டும் ஓடி, ஒன்று முதல் மூன்று வரை செத்துக் கிடந்தால், பெரும்பாலும் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரில் உள்ள தெர்மல் ஃப்யூஸ் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தை அறுக்கும் பாகம்) போயிருக்கும். நாலாம் வேகத்தில் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போகும். ஆட்டோமேட்டிக் ஏசியில் ரெசிஸ்டருக்குப் பதில் டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும். அது கெட்டால் காற்று அறவே வராது, அல்லது முழு வேகத்திலேயே நின்றுவிடும்.

ரெசிஸ்டருக்கு நல்ல லோக்கல் பாகமே போதும். உள்ளே இருப்பது பெரும்பாலும் கம்பிச் சுருளும் ஃப்யூஸும்தான். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பின்களையும் கனெக்டர் வடிவத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். மாட்யூல் என்றால் ஒரிஜினல்தான். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) சிறுத்த மலிவுச் சரக்கு சூடு தாங்காது. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும் மாட்யூல் எவ்வளவு காலம் வெந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கருகாத கனெக்டரை ஓரடி வயரோடு வெட்டித் தந்தால் தயங்காமல் வாங்கலாம்.

தெர்மல் ஃப்யூஸை மட்டும் மாற்றுவது மிக மலிவு. அதே வெப்ப அளவுள்ளதாக இருக்க வேண்டும். சால்டரிங் சூட்டிலேயே புது ஃப்யூஸ் போய்விடும் என்பதால் கிரிம்ப் செய்வது (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைப்பது) மேல். வெறும் வயரால் பாலம் போடவே கூடாது. மோட்டார் சிக்கினால் ரெசிஸ்டர் சிவந்து, டக்டில் (காற்றுக் குழாயில்) கிடக்கும் இலைச்சருகு தீப்பிடிக்கலாம்.

எதை வாங்கினாலும், கெட்டதற்கான காரணத்தை விட்டுவிட்டால் புதிதும் சீக்கிரம் போகும். புஷ் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து இறுகிய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். இதை டிசி கிளாம்ப் மீட்டரால் (வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டம் அளப்பது) பாருங்கள். சாதா மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் இணைப்பு இதைத் தாங்காது. கேபின் ஃபில்டர் அடைத்தால் ரெசிஸ்டரைக் குளிர்விக்கும் காற்றும் குறையும். டெர்மினல் கருகியிருந்தால் கனெக்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

மாற்றும் வேலை எளிது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். பக்கத்திலேயே ஏர்பேக் இருக்கிறது. பல வண்டிகளில் க்ளோவ் பாக்ஸை இறக்கினால் ப்ளோயர் டக்டில் ரெசிஸ்டர் தெரியும். கனெக்டர் பூட்டை அமுக்கி இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூதான். புதியதை டக்டுக்கு வெளியே வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம், காற்றில்லாமல் உடனே வெந்துவிடும்.

பொருத்திய பின் க்ளோவ் பாக்ஸை மூடுமுன் ரெசிஸ்டர் உள்ள வண்டியில் ப்ளோயரை மூன்றாம் வேகத்தில், மாட்யூல் உள்ள வண்டியில் முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கனெக்டரைத் தொடுங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் மோட்டாரையோ டெர்மினலையோ இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது.