மிங் கல்லறைகள்: சாங்லிங்கா, டிங்லிங்கா?

பெய்ஜிங்குக்கு வடக்கே, மலையடிவாரத்தில் சீனாவின் மிங் வம்சப் பேரரசர்கள் 13 பேரின் கல்லறைகள் இருக்கின்றன. அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

சாங்லிங் 1409இல் தொடங்கியது, யோங்லே பேரரசருடையது. கல்லறை மேடு இன்னும் தோண்டப்படவில்லை. பார்க்க வேண்டியது வழிபாட்டு மண்டபம். நன்மு மரத்தில் 60 தூண்கள், சாயம் பூசாமல். நடுத்தூண்களை ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாது.

டிங்லிங்கில் அப்படியொரு மண்டபம் இல்லை, அடித்தளம்தான் மிச்சம். ஆனால் வான்லி பேரரசரின் நிலத்தடி அரண்மனைக்குள்ளேயே இறங்கலாம். ஐந்து கல் அறைகள், மரத்தூண் ஒன்றுகூட இல்லாத வளைவுக் கூரை. கதவின் பூட்டைக் கவனியுங்கள்: ஆட்கள் வெளியேறிக் கதவை இழுத்ததும், உள்ளே சாய்த்திருந்த கல்பலகை தானாகச் சரிந்து முட்டுக் கொடுத்துவிடும். 1957இல் ஆய்வாளர்கள் கதவிடுக்கில் கம்பியை விட்டு அதை நிமிர்த்தித்தான் நுழைந்தார்கள். அப்புறம் நடந்ததுதான் வேதனை. பட்டுத்துணிகள் காற்றுப் பட்டு நைந்தன. 1966இல், மாவோவின் கலாச்சாரப் புரட்சியில் இறங்கிய இளைஞர் படையான செங்காவலர்கள் பேரரசரின் எலும்புகளையே எரித்தார்கள். இன்று அங்கிருக்கும் சிவப்புச் சவப்பெட்டிகள் நகல்கள்.

என் ஓட்டு சாங்லிங்குக்கே. குழந்தைகள் கூட வந்தால் மட்டும் டிங்லிங். சுரங்கத்தில் இறங்குவது அவர்களுக்குப் பிடிக்கும்.