பிக்கப் டயர்: உயரம் கூட்டலாமா, அகலம் கூட்டலாமா, ரிம்மை மாற்றலாமா?

பிக்கப் வைத்திருப்பவர்கள் டயர் மாற்றும்போது எந்தக் கம்பெனி, எந்தப் பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகளின் அமைப்பு) என்று நிறைய விசாரிப்பார்கள். அளவு பற்றிக் கேட்டால் "இப்ப இருக்கிறதைவிடக் கொஞ்சம் பெரிசா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் "கொஞ்சம் பெரிசு" மூன்று விதமாக வரலாம். டயரின் உயரம் கூடலாம், அகலம் கூடலாம், அல்லது உயரம் அப்படியே இருக்க ரிம் மட்டும் பெரிதாகலாம். மூன்றும் வண்டியை வெவ்வேறு விதமாக மாற்றும் என்பதால் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும். நடுத்தரப் பிக்கப்புகளில் பரவலாக வரும் 265/65 ஆர்17 என்ற அளவை எடுத்துக்கொள்கிறேன். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 172 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒன்று, நடுவில் ரிம். மூன்றையும் கூட்டினால் டயரின் மொத்த உயரம் 776 மி.மீ. கீழே வரும் உயரக் கணக்கெல்லாம் இதே வழியில் போட்டவைதான். உங்கள் வண்டியின் அளவு வேறாக இருந்தால் நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே உயரம், மூன்று ரிம்

265/70 ஆர்16, 265/65 ஆர்17, 265/60 ஆர்18. பார்க்க மூன்று வேறு டயர்கள். ஆனால் மொத்த உயரம் முறையே 777, 776, 775 மி.மீ. அகலமும் ஒன்றுதான். ஸ்பீடோமீட்டருக்கோ கியருக்கோ இவற்றுக்குள் வித்தியாசமே தெரியாது. மாறுவது பக்கச்சுவர் மட்டும்: 185, 172, 159 மி.மீ.

பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது முதலில் அமுங்குவது இந்தப் பக்கச்சுவர்தான். அது உயரமாக இருந்தால் அடி ரிம்முக்குப் போவதற்குள் பாதி காணாமல் போய்விடும். குட்டையாக இருந்தால் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி, உள்ளே இழை அறுந்து, பக்கத்தில் கொப்புளம்போல் வீங்கும். மணலிலும் சேற்றிலும் காற்றைக் குறைத்து ஓட்டுபவர்களுக்கும் உயரமான பக்கச்சுவர்தான் வேண்டும். 16 அங்குல ரிம்மின் பலம் இது. அதன் குறை, வளைவில் கொஞ்சம் அசையும். லோடோடு வேகமாகத் திரும்பினால் ஸ்டீயரிங் சொன்னதற்கும் வண்டி கேட்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். 18 அங்குலத்தில் அந்த இடைவெளி குறையும், நெடுஞ்சாலையில் பிடிப்பாக இருக்கும்.

நல்ல தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்கு 18 சரி. மண்பாதையில் லோடு ஏற்றிப் போகும் வண்டிக்கு 16, ஆனால் பிரேக் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) அந்த ரிம்முக்குள் அடங்க வேண்டும். பெரிய பிரேக்கோடு வரும் வண்டிகளில் 16 உட்காராது, அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இரண்டும் கலந்து ஓட்டும் பெரும்பாலானவர்களுக்கு என் வாக்கு 17க்குத்தான். தோற்றத்துக்காக 20 அங்குல ரிம் போட்டு உயரத்தையும் அதே அளவில் வைத்தால் பக்கச்சுவர் 135 மி.மீ.க்குக் கீழே போய்விடும். பாரம் சுமக்கும் வண்டிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

ஒரே உயரம், மூன்று அகலம்

இப்போது ரிம்மை 17 என்றே வைத்து அகலத்தை மட்டும் மாற்றுவோம். 245/75 ஆர்17, 265/70 ஆர்17, 285/65 ஆர்17. உயரம் முறையே 799, 803, 802 மி.மீ. மறுபடியும் ஏறத்தாழ ஒரே உயரம்.

அகலமான டயர் தரையில் அதிக இடம் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் தரையைத் தொடும் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பவை டயர் மேலிருக்கும் பாரமும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும். அந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் பரப்பு ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், வடிவம்தான் மாறும். அகல டயரில் அது குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், ஒல்லி டயரில் நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும்.

மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இந்த வடிவத்திலிருந்து வருபவை. தேங்கிய மழைநீரில் வேகமாகப் போகும்போது அகல டயர் தன் முன்னால் அதிகத் தண்ணீரை விலக்க வேண்டும். விலக்க முடியாமல் போகும் வேகத்தில் அது தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். ஒல்லி டயர் அந்த நிலைக்கு வர இன்னும் வேகம் வேண்டும். மேலே சேறு, அடியில் கெட்டித்தரை என்ற பாதையிலும் ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே போய்ப் பிடிக்கும். அடியே இல்லாத சேற்றிலும் ஆழ்ந்த மணலிலும் நிலைமை தலைகீழ், அங்கே மிதப்பவன்தான் தப்பிப்பான், அகலம் உதவும். அங்கேயும் காற்றைக் குறைத்து அந்தத் தடத்தை நீளமாக்கினால் ஒல்லி டயரே பெரும்பாலும் கடந்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வளைவுக்கு அகலம் நல்லது, மைலேஜுக்கும் எடைக்கும் ஒல்லி நல்லது.

இன்னொரு விஷயம் பலர் பார்ப்பதில்லை. ரிம்முக்கும் அகலம் உண்டு. கம்பெனியிலிருந்து வரும் 17 அங்குல ரிம் பல வண்டிகளில் 7.5 அங்குல அகலம். அதில் 245/75, 265/70 இரண்டும் அழகாக உட்காரும். 285/65 பொதுவாகக் குறைந்தது 8 அங்குலம் கேட்கும். குறுகலான ரிம்மில் திணித்தால் டயரின் நடு புடைத்து, பட்டன் நடுவில் மட்டும் தேயும். ஆக அகலத்துக்குப் போனால் ரிம்மும் சேர்ந்து மாறும். ரிம் மாறினால் பெரும்பாலும் அதன் ஆஃப்செட்டும், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவும் மாறும், டயர் வெளியே தள்ளி நிற்கும், வீல் பேரிங்குக்குச் சுமை கூடும். ஒரு டயரில் ஆரம்பித்த செலவு எங்கே போகிறது பாருங்கள். லோடு வண்டிக்கு 245/75 எவ்வளவு நல்ல டயர் என்பது கவனிக்கப்படாமலே போகிறது என்பது என் வருத்தம்.

உயரம்: ஒரு படியா, இரண்டு படியா?

பெரும்பாலானவர்களுக்கு உண்மையான ஆசை இதுதான். 776 மி.மீ. உயரத்திலிருந்து ஒரு படி ஏறினால் 265/70 ஆர்17, 803 மி.மீ. இரண்டு படி ஏறினால் 285/70 ஆர்17, 831 மி.மீ. முதலாவது 3.4 சதவீதம் கூடுதல், இரண்டாவது 7 சதவீதம்.

வண்டி எவ்வளவு உயரும்? டயர் கூடிய உயரத்தில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும். ஒரு படிக்கு 13 மி.மீ., இரண்டு படிக்கு 27 மி.மீ. கல்லுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் (அச்சின் நடுவில் தொங்கும் கியர்ப் பெட்டி) நடுவில் கூடுதலாகக் கிடைக்கும் இடம் அவ்வளவே. சஸ்பென்ஷனை உயர்த்தினாலும் அச்சின் அடிப்பகுதி உயராது, அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். அதனால் பாறைப்பாதையில் போகிறவர்களுக்கு அந்த 27 மி.மீ. பெரிய விஷயம்.

அதற்கு வண்டி என்ன விலை கொடுக்கிறது என்று பாருங்கள். ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், முள் 100ல் நிற்கும்போது ஒரு படி டயரில் உண்மையான வேகம் 103, இரண்டு படியில் 107. ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விட்டது என்பவர்களின் கணக்கில் ஒரு பகுதி, ஓடியும் மீட்டரில் ஏறாத இந்தக் கிலோமீட்டர்கள்தான். மீதி உண்மையான இழப்பு.

கியர் பக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். அச்சின் கியர் விகிதம் 3.73 என்றால் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, அச்சுக்கு வரும் தண்டு 3.73 சுற்றுச் சுற்ற வேண்டும்), 285/70 போட்டதும் அது 3.49 போல நடந்துகொள்ளும். காலியாக ஓடும்போது தெரியாது. லோடோடு மேடு ஏறும்போது ஒரு கியர் கீழே இறக்க வேண்டியிருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி எந்தக் கியரில் நிற்பது என்று தெரியாமல் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும். பிரேக்குக்கும் இதே கதை: அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை 7 சதவீதம் அளவுக்குக் குறையும், அதோடு கனமான டயரின் சுழற்சியையும் அடக்க வேண்டும். பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும் வண்டியில் இது எனக்குப் பயம் தரும் விஷயம். அதே உயரத்தை வைத்திருப்பதோ, 3 சதவீதத்தை ஒட்டி நிற்பதோ பாதுகாப்பு என்று டயர்த் தொழிலில் பொதுவாகச் சொல்வதற்கு இவையெல்லாம் காரணம். ஒரு படி அந்த எல்லையைச் சற்றே தாண்டி நிற்கிறது. இரண்டு படி என்றால் சஸ்பென்ஷன், கியர் விகிதம், பிரேக், ஸ்பீடோமீட்டர் திருத்தம் என்று வண்டியையே புதிதாகத் திட்டமிட வேண்டும். அதற்குத் தயார் என்றால் தாராளமாகச் செய்யலாம். டயர் மட்டும் மாற்றி மற்றதை விட்டுவிடுவது கூடாது.

ஒரே அளவு, இரண்டு வகை

இவ்வளவும் பேசினாலும், லோடு ஏற்றுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இவை எதுவும் இல்லை. அளவுக்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும் சுமைக் குறியீட்டு எண்தான் அது. 110 என்றால் ஒரு டயர் 1060 கிலோ தாங்கும், 112 என்றால் 1120, 115 என்றால் 1215, 121 என்றால் 1450. அமெரிக்க விதிப்படி, கார் வகை டயரைப் பிக்கப்பில் போட்டால் அந்தத் திறனை 1.1 ஆல் வகுத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பின் அச்சின் அனுமதித்த பாரம் 1850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயருக்கு 925 கிலோ. 110 குறியீட்டு டயரை 1.1 ஆல் வகுத்தால் 964. கையில் மிச்சம் 39 கிலோதான். ரிம்மை 18க்கு மாற்றும்போது குறியீடு 112லிருந்து 110க்கு இறங்கிவிடுகிறதா என்று பாருங்கள். அதைக் கடைக்காரர் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எல்டி என்று தொடங்கும் லைட் டிரக் டயரில் அதே 265/70 ஆர்17 அளவு 121 வரை போகும். உள்ளே இழைகள் அதிகம், கூர்ங்கல்லுக்குச் சட்டென்று கிழியாது. சரி, அப்படியானால் எல்லோரும் எல்டியே போடலாமே? போடலாம், காற்றை மறந்துவிடாமல் இருந்தால். 'ஈ' என்ற சுமை வகை எல்டி டயரின் 1450 கிலோ என்பது 80 பிஎஸ்ஐ காற்றில் கிடைக்கும் திறன். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 35 என்று சொல்வதைப் பார்த்து எல்டியிலும் 35 அடித்தால், அது கார் வகை டயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும். டயர்க் கம்பெனி தரும் சுமை-அழுத்த அட்டவணையைப் பார்த்துக் கூடுதலாக அடிக்க வேண்டும். அப்படி அடித்ததும் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும், எடையும் டயருக்குச் சில கிலோ கூடும். வாரக்கணக்கில் பாரத்தோடு ஓடும் வண்டிக்கும் கல்பாதை வண்டிக்கும் எல்டி. வீட்டு வேலைக்கு, எப்போதாவது லோடு என்றால் கார் வகையே போதும், குறியீடு குறையாமல் இருந்தால்.

ஆகவே பாரம் சுமக்கும் வண்டிக்கு நான் சொல்வது: கம்பெனி கொடுத்த அதே அளவில் எல்டி, அல்லது 245/75 எல்டி. கலந்து ஓட்டுகிறவருக்கு 265/70 ஆர்17. நெடுஞ்சாலை மட்டும் என்றால் கம்பெனி அளவைத் தொடவே வேண்டாம்.

எதை எடுத்தாலும் நான்கையும் மாட்டுவதற்கு முன் முன்பக்கம் ஒன்றை மட்டும் மாட்டி, இரண்டு பக்கமும் ஃபுல் லாக் திருப்பி, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். உரசுவது பெரும்பாலும் மட்கார்டின் பின்மூலையிலும் பம்பரின் உள்பக்கத்திலும்தான். நேராக நிற்கும்போது இடம் இருப்பதுபோல் தெரியும். ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றித் திருப்பினால்தான் உண்மை தெரியும். ஸ்டெப்னியையும் அப்போதே பாருங்கள். பிக்கப்பில் அது பெரும்பாலும் பெட்டிக்கு அடியில் தொங்குகிறது, அந்த இடம் பழைய உயரத்துக்கு அளந்து செய்தது. அதில் பழைய டயரையே விட்டுவிட்டு, பஞ்சரான அன்று 27 மி.மீ. குட்டையான ஒன்றை மாட்டி, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். புதிய அளவில் ஐந்து வாங்க முடியாவிட்டால் பழைய அளவிலேயே நான்கு வாங்குங்கள்.